கொட்டகைப் பலகை, மாட்டுத்தோல், மான்கொம்பு: அமெரிக்க மேற்குப் பாணியில் வீட்டை அலங்கரிக்கப் போகிறவர்களுக்கு

வரவேற்பறைச் சுவரில் பழைய கொட்டகைப் பலகை அடித்து முடித்த ஐந்தாவது மாதம், அதன் அடியில் சலித்த மைதா போல ஒரு கைப்பிடிப் பொடி கிடந்தது. பெருக்கித் தள்ளினேன். மறுநாள் காலை அதே இடத்தில் மறுபடியும் பொடி. கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால் பலகை முழுவதும் குண்டூசியால் குத்தியது போலத் துளைகள். வண்டு. ஆயிரத்து இருநூறு டாலர் கொடுத்து வாங்கிய பலகையை ஆணி ஆணியாகப் பிடுங்கி வெளியே போட்டேன்.

கொலராடோ மாநிலத்தின் டென்வர் அருகே வாங்கிய வீட்டை ரஸ்டிக் வெஸ்டர்ன் பாணிக்கு மாற்ற எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. வரிசை தெரிந்திருந்தால் ஆறு மாதத்தில் முடித்திருப்பேன். நான் கடையில் தொடங்கினேன், அங்கேதான் தவறு. நீங்கள் அளவுநாடாவிலும் காகிதத்திலும் தொடங்குங்கள்.

1. பொருள் வாங்கும் முன் மூன்று தாள்களைப் படியுங்கள்

வாடகை வீடு என்றால் முதல் தாள் குத்தகை ஒப்பந்தம். சுவரில் பலகை அடிப்பது, விளக்கை மாற்றுவது, கதவுக்குத் தண்டவாளம் பொருத்துவது ஆகிய மூன்றுக்கும் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நேரில் பேசி ஒப்புக்கொண்டிருந்தாலும், “நாம் பேசியபடி இந்த வேலைகளைச் செய்கிறேன்” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தைக் காப்பாற்றப் போவது அந்த மின்னஞ்சலும், வேலைக்கு முன்பு எடுத்து வைத்த புகைப்படங்களும்தான்.

சொந்த வீடு என்றால் எச்.ஓ.ஏ. எனப்படும் உரிமையாளர் சங்கத்தின் விதிப்புத்தகம். வீட்டுக்குள் நீங்கள் செய்வதைப் பற்றி அவர்கள் பெரும்பாலும் கவலைப்படுவதில்லை. வாசலில் ஒரு வண்டிச் சக்கரத்தைச் சாய்த்து வைத்தால் கடிதம் வரும். எனக்கு ஒன்பதாவது நாள் வந்தது. வெளியில் தெரியும் எதற்கும் விண்ணப்பம் கொடுத்து, அவர்களுடைய குழு கூடி முடிவு சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். குழு மாதம் ஒரு முறைதான் கூடும் என்றால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நகர அலுவலகத்தின் பெர்மிட் பட்டியல். இருக்கும் விளக்கைக் கழற்றி அதே இடத்தில் வேறொன்றை மாட்டுவதற்குப் பல நகரங்கள் பெர்மிட் கேட்பதில்லை. புதிதாக வயர் இழுத்தாலோ கணப்பின் எரிவாயுக் குழாயைத் தொட்டாலோ கேட்கும். ஊருக்கு ஊர் மாறும் விஷயம் இது. தொலைபேசியில் பத்து நிமிடம் செலவழித்துக் கேட்டுவிடுங்கள்.

2. எந்த மேற்கு என்று முடிவு செய்யுங்கள்

ஒரே பெயரில் மூன்று பாணிகள் புழங்குகின்றன. டெக்ஸஸ், வயோமிங் பண்ணை வீடுகளின் பாணியில் தோல், இரும்பு, மாட்டுத்தோல் விரிப்பு. மலைவாச விடுதிப் பாணியில் உருட்டுக் கட்டை, ஆற்றுக் கல், மான்கொம்பு விளக்கு. நியூ மெக்ஸிகோ, அரிசோனா பக்கத்துத் தென்மேற்குப் பாணியில் மண்நிறச் சுவர், நவஹோ பழங்குடியினரின் நெசவு, களிமண் பானை. மூன்றையும் ஓர் அறையில் கொட்டினால் வீடு நெடுஞ்சாலை உணவகம் போல ஆகிவிடும். எங்கள் வீடு நான்கு மாதம் அப்படித்தான் இருந்தது. குதிரை லாடம் பதித்த கொக்கி, கௌபாய் காலணி வடிவ விளக்கு, “தேடப்படும் குற்றவாளி” சுவரொட்டி எல்லாம் வாங்கியிருந்தேன். விருந்துக்கு வந்த நண்பர் ஒருவர் மெனு எங்கே என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். மேற்கைப் படமாகக் காட்டும் பொருளை வாங்குவதில்லை. அங்குள்ள மரம், தோல், கம்பளி, இரும்பு ஆகியவற்றால் ஆன பொருளை மட்டும் வாங்குவேன். குதிரைப் படம் போட்ட தலையணையைவிடக் கரடுமுரடான ஒரு கம்பளிப் போர்வை அந்த நிலத்தைக் கூடுதலாகச் சொல்கிறது.

3. பலகைச் சுவர்: அதிகப் பணம் போகும் இடம்

ஒரு சுவர் போதும். நான்கு சுவரிலும் அடித்தால் அறை இருண்டுவிடும்.

சுவரின் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி, வெட்டுச் சேதத்துக்குப் பதினைந்து விழுக்காடு கூட்டிக்கொள்ளுங்கள். 12 அடி அகலம், 9 அடி உயரம் என்றால் 108 சதுர அடி. சேதம் சேர்த்து ஏறத்தாழ 125. பழைய கொட்டகையைப் பிரித்தெடுத்த பலகைக்கு நான் விசாரித்த இடங்களில் சதுர அடிக்கு எட்டு முதல் பதினைந்து டாலர் வரை சொன்னார்கள். பண்ணை வாசலில் நேரடியாக விற்பவர்களிடம் இதைவிடக் குறைவாகவும் கிடைக்கும். நான் ஏமாந்த இடமும் அதுதான்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “சூளையில் உலர்த்தியதா?” ஆம் என்றால் எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸை எட்டி அரை மணி நேரம் அதே சூட்டில் இருக்க வேண்டும் என்பது ஏற்றுமதிப் பெட்டி மரங்களுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் அளவு. அமெரிக்காவில் ஃபாரன்ஹீட்டில் 133 என்பார்கள். தொழில் தெரிந்தவர் இந்த எண்ணை யோசிக்காமல் சொல்வார். “வெயிலில் நன்றாகக் காய்ந்த மரம்” என்று பதில் வந்தால் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். வெயில் வண்டின் புழுவைக் கொல்லாது. அது மரத்துக்குள் ஆண்டுக்கணக்கில் இருந்து தின்றுவிட்டுத் தனக்குத் தோன்றும்போது வெளியே வரும். சூளையில் உலர்த்தியதற்கான வாசகம் ரசீதிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது கேள்வி பூச்சைப் பற்றியது. வீடுகளுக்கான ஈயப் பெயிண்ட் அமெரிக்காவில் 1978இல்தான் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய கொட்டகையின் சிவப்போ வெள்ளையோ படிந்த பலகையில் ஈயம் இருக்கலாம். வன்பொருள் கடையில் கிடைக்கும் சோதனைக் குச்சியால் தேய்த்துப் பாருங்கள். ஈயம் என்று தெரிந்தால் உப்புத்தாள் போடவே கூடாது, தூள்தான் நஞ்சு. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அந்தப் பலகை வேண்டவே வேண்டாம். பூச்சில்லாத சாம்பல் நிறப் பலகையைத் தேடுங்கள்.

வாங்கிய பிறகு வீட்டுக்குள் இரண்டு வாரம் அடுக்கி வையுங்கள், இடையே குச்சிகள் வைத்துக் காற்றோடும்படி. டென்வரின் வறண்ட காற்றில் மரம் சுருங்கும். சுருங்கிய பிறகு அடித்தால் இடைவெளி விடாது. வெட்டும் முன் ஒவ்வொரு பலகையிலும் உலோகக் கண்டறிவானை ஓட்டுங்கள். பழைய ஆணி ஒன்றில் ரம்பப்பல் பட்டால் அந்த ரம்பத் தட்டோடு அன்றைய வேலையும் போய்விடும். அடித்து முடித்ததும் நீர் சார்ந்த, பளபளப்பில்லாத தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சு. பளபளப்பானதைப் பூசினால் நூறு வயது மரமும் நேற்று வந்த பிளாஸ்டிக் போலத் தெரியும்.

இரண்டாம் முறை நான் கொட்டகைப் பலகை வாங்கவில்லை. கொலராடோவில் “பீட்டில் கில்” பைன் என்று விற்கிறார்கள். மலைப் பைன் வண்டு தாக்கிச் செத்த மரம் அது. வண்டு கொண்டுவரும் பூஞ்சணத்தால் மரத்தில் நீலச் சாம்பல் கீற்றுகள் ஓடும். வண்டு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வண்டு வாழ்வது உயிருள்ள மரத்தின் பட்டைக்கு அடியில். அறுத்து உலர்த்திய பலகைக்குள் அது வருவதில்லை என்று மர அறுவைக்காரர் விளக்கினார். எனக்கு ஆன செலவு கொட்டகைப் பலகையில் பாதிகூட இல்லை.

4. கணப்பின் மேல்தட்டும் சரவிளக்கும்

அறையின் கண் முதலில் போகும் இடங்கள் இவை இரண்டும். விதிகள் இருப்பதும் இவற்றுக்குத்தான்.

கணப்புக்கு மேலே தடித்த மர உத்தரம் வைக்க எல்லோருக்கும் ஆசை. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதியின்படி, கல்லால் கட்டிய கணப்பின் வாயிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் மரம் எதுவும் வரக்கூடாது. பன்னிரண்டு அங்குலத்துக்குள் வரும் மரம், வாயிலிருந்து உள்ள தொலைவில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் எட்டில் ஓர் அங்குலத்துக்கு மேல் முன்னால் நீட்டக்கூடாது. அதாவது பத்து அங்குல உயரத்தில் வைத்தால் ஒன்றேகால் அங்குலம்தான் நீட்டலாம். நான் ஏழு அங்குல உத்தரத்தை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு அளந்தேன். அது மேலே ஏறியது. அங்கிருந்த தொலைக்காட்சி வேறு சுவருக்குப் போயிற்று. தொழிற்சாலையில் செய்த எரிவாயுக் கணப்பு என்றால் அதனுடன் வந்த கையேட்டின் அளவுதான் செல்லும். கையேடு தொலைந்திருந்தால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

சரவிளக்குக்கு எடைதான் முக்கியம். கூரையில் விளக்கு தொங்கும் மின்பெட்டி ஐம்பது பவுண்டு வரை தாங்க வேண்டும் என்பது தேசிய மின்விதி. அதற்கு மேல் போனால், அந்த எடைக்கென்றே சான்று பெற்ற பெட்டியோ கூரைச் சட்டத்தில் தனிப் பிடிமானமோ வேண்டும். உண்மையான எல்க் மான்கொம்பு விளக்கு எளிதில் ஐம்பதைத் தாண்டும். பிசினில் வார்த்த போலிக் கொம்பு எடை குறைவு. பத்தடி உயரத்தில் தொங்குவதை யாரும் வேறுபடுத்திப் பார்க்க மாட்டார்கள். இந்த ஒரு பொருளில் மட்டும் போலிக்கு என் வாக்கு. எதுவானாலும் மின்பாதுகாப்புச் சோதனையில் தேறியதைக் காட்டும் யு.எல். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கைவினைஞர் வீட்டில் செய்து விற்கும் விளக்குகளில் பல நேரம் இருக்காது.

சாப்பாட்டு மேசைக்கு மேலே என்றால் மேசைப் பரப்புக்கும் விளக்கின் அடிக்கும் முப்பது முதல் முப்பத்தாறு அங்குலம். பல்பு, இளமஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின். வெள்ளை ஒளி பல்பு போட்டால் மரம், தோல் எல்லாம் மருத்துவமனை நிறத்துக்கு வந்துவிடும்.

5. சறுக்குக் கதவு

சுவரின் மேலே பொருத்திய தண்டவாளத்தில் தொங்கி ஓடும் கதவு இது. தண்டவாளம் கதவின் அகலத்தைப்போல இரு மடங்கு நீளம் வேண்டும். பக்கத்துச் சுவர் கதவின் அகலத்துக்குக் காலியாக இருக்க வேண்டும், சுவிட்ச்கூட இருக்கக் கூடாது. டிரைவால் எனப்படும் ஜிப்சம் அட்டைச் சுவரில் நேரடியாகத் திருகக் கூடாது. உள்ளே வழக்கமாகப் பதினாறு அங்குல இடைவெளியில் நிற்கும் மரச் சட்டங்களில் ஒரு தடித்த பலகையைத் திருகி, அதில் தண்டவாளத்தைப் பொருத்துங்கள். குளியலறைக்கு மட்டும் இந்தக் கதவு வேண்டாம். ஏன் என்பது விருந்தாளி வந்த முதல் நாளே தெரியும்.

6. தோல் சோபாவும் மாட்டுத்தோல் விரிப்பும்

சோபாவில் மூன்று சொற்களைக் கண்டால் உஷாராகுங்கள். “பாண்டட் லெதர்” என்பது தோல் தூளை ஒட்டிச் செய்த தாள். சில ஆண்டுகளில் வெயில்பட்ட முதுகு போல உரியும். “லெதர் மேட்ச்” என்றால் உட்காரும் இடம் மட்டும் தோல், பக்கமும் பின்புறமும் வினைல். “ஜெனுயின் லெதர்” என்பது தோல்தான் என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் கேட்க வேண்டியவை தோலின் மேல்படலத்தில் செய்த “ஃபுல் கிரெயின்” அல்லது “டாப் கிரெயின்”, அதுவும் எல்லாப் பக்கமும் என்று ரசீதில். சொல்லிச் செய்வித்தால் வந்துசேர இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆகவே பலகை வேலை தொடங்கும் நாளிலேயே சோபாவுக்கு முன்பணம் கட்டிவிடுங்கள். கட்டும் முன் உங்கள் வாசல் அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

முழு மாட்டுத்தோல் ஏறத்தாழ ஆறுக்கு ஏழடி வரும். இருநூறு டாலரிலிருந்து நல்லது கிடைக்கும். பின்பக்கம் மடித்தால் துணி போல மடங்க வேண்டும். அட்டை போல விறைத்தால் ஓரம் சுருண்டு காலைத் தடுக்கும். ஈரத்துணியால் ஊறத் துடைக்கக் கூடாது. சுழலும் தூரிகை உள்ள வாக்குவம் கூடாது. வெளியே எடுத்து உதறினால் போதும். ஊரிலிருந்து வந்த அம்மா அதை மிதிக்க மாட்டேன் என்று சொல்லி, மூன்று மாதமும் சுவரோரமாகச் சுற்றிச்சுற்றியே நடந்தார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டென்றால் அந்தப் பணத்தைக் கம்பளியில் போடுங்கள். அடுத்தது அதைப் பற்றித்தான்.

7. நவஹோ விரிப்பு: தாள் இல்லாமல் வாங்காதீர்கள்

இந்தப் பாணியில் ஏமாற்று மிகுந்த பொருள் இது. கொலராடோவிலும் நியூ மெக்ஸிகோவிலும் சுற்றுலாக் கடைகளில் நவஹோ என்று அடுக்கி வைத்திருப்பதில் கணிசமானது மெக்ஸிகோவின் வஹாக்கா நெசவு. அது மோசமான நெசவில்லை. அதன் பெயரிலேயே அதன் விலைக்கு விற்றால் நானே வாங்குவேன்.

கையில் எடுத்துப் பாருங்கள். நவஹோ தறியில் பாவு நூல் மேலும் கீழுமாகத் தொடர்ந்து ஓடுகிறது. அதனால் பெரும்பாலானவற்றில் குஞ்சம் இருக்காது. இரு முனையிலும் குஞ்சம் தொங்கினால், பாவை அறுத்தெடுத்த வேறு தறியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஜெர்மன்டவுன் எனப்படும் ஆலை நூலால் நெய்த பழைய விரிப்புகள் சிலவற்றில் குஞ்சம் வைத்துத் தைத்திருப்பார்கள், அவை விதிவிலக்கு. ஓரத்தைத் தடவினால் வஹாக்கா நெசவில் இரண்டு மூன்று பாவு நூல்கள் சேர்ந்த தடிப்பு விரலுக்குத் தெரியும். நவஹோ விரிப்பின் மேற்பரப்பில் சாய்வான மெல்லிய கோடுகள் தென்படலாம். அவை குறையல்ல, நெசவாளர் பகுதி பகுதியாக நெய்து சேர்த்த தடம்.

பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாக விற்பது 1990ஆம் ஆண்டின் இந்தியக் கலை, கைவினைச் சட்டப்படி குற்றம் (இங்கே இந்தியர் என்பது அமெரிக்கப் பழங்குடியினரை). முதல் முறை சிக்கும் தனிநபருக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. அதனால் கடைக்காரர்கள் வார்த்தையில் விளையாடுவார்கள். “நவஹோ பாணி”, “தென்மேற்கு வடிவம்” என்றால் நவஹோ செய்தது இல்லை என்று பொருள். நெசவாளரின் பெயர், அவருடைய பழங்குடி, அளவு, கைநெசவு, முழுக்கம்பளி ஆகியவற்றை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் விரிப்பை மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

நம்பி வாங்க, அரிசோனாவில் கனாடோ ஊரில் உள்ள ஹபெல் வணிக நிலையம். 1878 முதல் நடக்கும் கடை. இன்று தேசியப் பூங்காத் துறையின் கீழ் உள்ள வரலாற்றுத் தலம். ஆகஸ்டில் நியூ மெக்ஸிகோவின் சான்ட்டா ஃபே நகரில் கூடும் அமெரிக்கப் பழங்குடியினரின் இந்தியச் சந்தையில் நெசவாளரிடமே பேசி வாங்கலாம். இரண்டடிக்கு மூன்றடி விரிப்பே சில நூறு டாலர் ஆகும், பெரியது ஆயிரங்களில். பணம் போதவில்லை என்றால் ஆரிகனைச் சேர்ந்த பென்டில்டன் ஆலையின் கம்பளிப் போர்வை ஒன்றைச் சோபா மேல் போடுங்கள். எங்கள் வீட்டில் இருப்பது அதுதான்.

கம்பளி எதுவானாலும் வீட்டில் துவைக்காதீர்கள், சாயம் ஓடும். அந்துப்பூச்சி இருளையும் அசையாத இடத்தையும் விரும்பும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட்டு, சோபாவுக்கு அடியில் மறையும் பகுதியை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். டென்வர் உயரத்தில் வெயிலும் கடுமை. ஜன்னலோரத்தில் விரித்தால் நிறம் வெளிறும்.

8. கொம்பு, மண்டையோடு, இறகு: சட்டம் தெரியாமல் குனிந்து எடுக்காதீர்கள்

எல்க் மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கும். காட்டில் கிடப்பதை எடுத்தால் யாருக்கு நஷ்டம் என்று தோன்றும். கொலராடோவில் 25ஆம் எண் நெடுஞ்சாலைக்கு மேற்கே பொதுநிலங்களில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை எடுக்கத் தடை. பனிக்காலத்தில் மெலிந்திருக்கும் மான்களை ஆட்கள் விரட்டாமலிருக்க வந்த விதி அது. தேசியப் பூங்காக்களுக்குள் எந்நாளும் எடுக்கக் கூடாது. மற்ற மாநிலங்களுக்கு வேறு தேதிகள் உண்டு. அந்தந்த மாநில வனவிலங்குத் துறையின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நடக்க விருப்பமில்லாதவர்கள் வயோமிங்கின் ஜாக்ஸன் நகரில் மே மாதம் நடக்கும் கொம்பு ஏலத்துக்குப் போகலாம். அங்கே எடைக் கணக்கில் விற்கும், ரசீதும் கிடைக்கும்.

இறகு இன்னும் கடுமை. பருந்து, ஆந்தை உள்ளிட்ட பெரும்பாலான உள்நாட்டுப் பறவைகளின் இறகைக் கீழே கிடந்து எடுத்தாலும் வைத்திருப்பது 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி குற்றம். கழுகுக்குத் தனிச் சட்டமே உண்டு. பண்ணை ஏலத்தில் வாங்கும் பழைய அலங்காரத்தில் இறகு இருந்தால் எந்தப் பறவையுடையது என்று கேளுங்கள். வான்கோழி, கோழி என்றால் கவலை இல்லை.

மாட்டு மண்டையோட்டுக்குச் சட்டச் சிக்கல் இல்லை. வீட்டிலேயே சுத்தம் செய்கிறவர்கள் கொதிக்க வைக்காதீர்கள், எலும்பில் கொழுப்பு இறங்கி மஞ்சளாகும். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து நீரை மாற்றிக்கொண்டே வாருங்கள். வெளுக்க ஹைட்ரஜன் பெராக்ஸைடு. குளோரின் பிளீச் எலும்பை அரித்துவிடும்.

9. எந்த மாதத்தில் எது

ஜனவரியில் டென்வரில் நேஷனல் வெஸ்டர்ன் ஸ்டாக் ஷோ என்ற கால்நடைக் கண்காட்சி நடக்கும். அங்குள்ள கடைகளில் தோல், இரும்பு, கம்பளி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து விலை தெரிந்துகொள்ளலாம். அங்கே வாங்க வேண்டும் என்பதில்லை. நான் குறிப்பேடு மட்டும் கொண்டுபோனேன். பிப்ரவரியில் எச்.ஓ.ஏ. விண்ணப்பமும் பெர்மிட் விசாரணையும். மார்ச்சில் பலகையும் சோபா முன்பணமும். ஏப்ரலில் சுவர், மின்வேலை. மே முதல் பண்ணை ஏலங்கள், வீட்டுப் பொருள் விற்பனைகள். இரும்புப் பொருள்களையும் பழைய பெட்டிகளையும் அப்போது வாங்குங்கள். பழைய வீட்டுச் சாமான்களை விற்கும் ஹேபிடட் ரீஸ்டோர் கடைகளிலும் பழைய கதவு, கீல் கிடைக்கும். விரிப்பைக் கடைசியாக வாங்குங்கள். மற்ற எல்லாம் நின்ற பிறகுதான் அதன் அளவும் நிறமும் தெரியும்.

எனக்கு வரவேற்பறைக்கு மட்டும், இரண்டாம் முறைச் சுவர், விளக்கு, மின்பணியாளர் கூலி, சோபா, போர்வை எல்லாம் சேர்த்து ஆறாயிரம் டாலருக்குக் கொஞ்சம் கீழே. அதில் பாதிக்கு மேல் சோபா. எறிந்த பலகையையும் வண்டிச் சக்கரத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பலகைச் சுவர் அடித்தவர்கள் முதல் இரண்டு வசந்த காலங்களில் ஒரு வேலை செய்யுங்கள். சுவரடியில் கறுப்புத் தாளை நீளமாக ஒட்டி வைத்து, வாரம் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். துளை மட்டும் இருந்து பொடி விழவில்லை என்றால் அது பழைய கதை. துடைத்த பிறகும் புதிதாகப் பொடி விழுந்தால் அந்தப் பலகையை அன்றைக்கே கழற்றி வெளியே கொண்டுபோய்விடுங்கள், பக்கத்துப் பலகைகளையும் சேர்த்து.